வெள்ளைத் தாளை நீட்டினால் எழுதிக் கொடுக்காதீர்கள்

நர்சிங் படிக்கும் பிள்ளைகள், படிக்க வைக்கும் பெற்றோர் கண்ணில் பட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கல்லூரியின் பெயரைப் போடவில்லை. எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

மேற்கு மாவட்டம் ஒன்றில், தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தேன். இரண்டாம் செமஸ்டரில் மஞ்சள் காமாலை வந்து ஏழு வாரம் வீட்டில் படுத்துவிட்டேன். மெடிக்கல் சர்டிபிகேட்டோடு திரும்பிப் போன அன்றே ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்னார்கள். அட்டெண்டன்ஸ் போதாது, இன்டர்னல் மார்க்கும் இல்லை, "உன்னை வைத்துக்கொண்டு எங்கள் ரிசல்ட்டைக் கெடுத்துக்கொள்ள முடியாது" என்றார் பிரின்சிபல். அப்பா லோடுமேன். ஒரு வார்த்தை பேசாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்புறம் ஆபீஸ் அறை. கிளார்க் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளி, அவர் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். "குடும்பச் சூழ்நிலை காரணமாக, என் சொந்த விருப்பத்தின் பேரில் படிப்பை நிறுத்திக்கொள்கிறேன்." 'சொந்த' என்ற இடத்தில் என் கை நின்றது. "எழுதும்மா, சும்மா ஃபார்மாலிட்டிதான். எழுதினா இன்னைக்கே டி.சி. வாங்கிட்டுப் போயிடலாம்" என்றார். எழுதினேன். கீழே அப்பாவும் கையெழுத்துப் போட்டார். தாள் ஃபைலுக்குள் போன பிறகுதான் மீதிப் பேச்சு வந்தது: நீயாக நிற்பதால், மிச்சமிருக்கும் மூன்று வருஷத்து ஃபீஸையும் கட்டினால்தான் டி.சி.யும் பத்தாவது, பிளஸ் டூ ஒரிஜினல் மார்க் ஷீட்டும்.

மூன்று லட்சத்துக்கு மேல். வெளியே அனுப்பியது அவர்கள், காகிதப்படி விலகியது நான்.

ஊருக்கு வந்து இரண்டு மாதம் வாசல் பக்கமே போகவில்லை. தெருவில் யாராவது "பாப்பாவுக்கு லீவா?" என்று கேட்டால் அம்மா முந்திக்கொண்டு ஆமாம் என்பாள். என் யூனிஃபார்மைத் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள். நான் மறுபடி வார்டுக்குப் போவேன் என்று அப்போது வீட்டில் நம்பியது அவள் ஒருத்திதான்.

அந்த மனநிலையில்தான் இரண்டாவது முறை ஏமாந்தேன். பஸ் ஸ்டாண்டு எதிரே மாடியில் ஒரு இன்ஸ்டிடியூட். ஒரே வருஷத்தில் நர்சிங் டிப்ளமோ, வேலை நிச்சயம் என்று பேனர். ஒரிஜினல் இல்லையே என்று தயங்கினேன். "அதெல்லாம் எதுக்கும்மா, ஜெராக்ஸ் போதும்" என்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, நம்மையும் சேர்த்துக்கொள்ள ஓர் இடம் இருக்கிறதே என்று. அம்மாவின் தோட்டை அடகு வைத்து 28,000 ரூபாய் கட்டினோம். நான்கு மாதம் கழித்து, ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கேட்டுப் போனபோது அங்கிருந்த நர்சிங் சூப்பரின்டெண்ட் அம்மா உட்கார வைத்து விளக்கினார். தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு இருந்தால்தான் நர்ஸ். அதற்கு ஏ.என்.எம். என்ற துணை நர்ஸ் படிப்பு என்றால் 2 வருஷம், ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ 3 வருஷம், பி.எஸ்சி. 4 வருஷம், அதுவும் அங்கீகாரம் உள்ள இடத்தில் படித்திருக்க வேண்டும். ஒரு வருஷ டிப்ளமோவுக்குப் பதிவே கிடையாது. ஒரிஜினலை ஏன் கேட்கவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கட்டிய பணம் திரும்ப வரவில்லை.

மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொன்னதும் அந்த அம்மாதான். கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருகிறார்கள். எனக்கு வந்த வக்கீல் அக்கா கேட்ட முதல் கேள்வி, "உன்னை நீக்கிய ஆர்டர் எங்கே?" என்பது. அப்படி ஒரு தாளே இல்லை. என் கையெழுத்தில் இருக்கும் அந்தக் கடிதம்தான் இருக்கிறது, அதுவும் அவர்களிடம். நல்லவேளை, "நாளைக்குள்ள பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று வார்டன் அப்பாவுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜை அப்பா அழிக்காமல் வைத்திருந்தார்.

அட்டெண்டன்ஸ் 80 சதவீதம் இல்லையென்றால் பரீட்சை எழுத விடமாட்டார்கள், அது விதி. ஆனால் மெடிக்கல் சர்டிபிகேட்டை வாங்கிக்கூடப் பார்க்காமல், எழுத்தில் ஒன்றும் தராமல் ஒரே நாளில் வெளியே அனுப்பியதும், அதை நானே விலகியதாக மாற்றியதும் வேறு விஷயம் என்றார் அக்கா. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. அதைக் காட்டி ஒரு நோட்டீஸ் போனது. ஐந்தாவது வாரம் எல்லாச் சர்டிபிகேட்டும் கைக்கு வந்தன.

இப்போது அந்த மாதிரி ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இதைப் படித்தால்: எழுதாதே. நீக்குவதென்றால் காரணத்தைப் போட்டு ஆர்டராகக் கொடுங்கள் என்று கேள். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டாய் என்றாலும் பரவாயில்லை, நானும் எழுதிக் கொடுத்தவள்தான். கோர்ட் வளாகத்துக்குப் போ.

நான் போன வருஷம் ஜி.என்.எம். சேர்ந்தேன், முதல் வருஷத்திலிருந்து. முடித்துவிட்டு 2 வருஷம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படிக்கலாம். சேர்ந்த அன்று கவுண்டரில் மார்க் ஷீட்டுகளை வாங்கிச் சரிபார்த்து, அரை மணி நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்பா அதை ரெக்சின் பைக்குள் வைத்து, ஊர் வரும்வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தார்.