தொடுமேசை கட்ட எஃப்டிஐஆரா, டிஐயா?

விரலால் தொட்டு இயக்கும் மேசைக்கு இரண்டு வழிகள்: எஃப்டிஐஆர் (FTIR, Frustrated Total Internal Reflection), டிஐ (DI, Diffused Illumination). இரண்டிலும் பரப்புக்கு அடியில் புரொஜெக்டரும் அகச்சிவப்புக் கேமராவும் உண்டு. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

2005இல் ஆய்வாளர் ஜெஃப் ஹான் பரவலாக்கிய எஃப்டிஐஆரில், 8 முதல் 10 மி.மீ. தடிமனுள்ள அக்ரிலிக் பலகையின் விளிம்பில் 850 நானோமீட்டர் அகச்சிவப்பு எல்இடிகளை வரிசையாகப் பொருத்துவார்கள். ஒளி பலகைக்குள்ளேயே முழு அக எதிரொளிப்பில் ஓடும். விரல் பட்ட இடத்தில் மட்டும் கீழே சிதறும். கேமராவுக்குக் கருப்பில் பளிச்சென்று ஒரு புள்ளி, அவ்வளவுதான். சிக்கல் உலர்ந்த விரலில் தொடங்குகிறது. தோலுக்கும் அக்ரிலிக்குக்கும் இடையே காற்று நின்றுவிடுவதால் புள்ளி மங்கும். அதற்காக மேலே மெல்லிய சிலிக்கோன் ரப்பர் படலம் போடுகிறார்கள். அது சீராக அமையாவிட்டால் விரலை எடுத்த பின்னும் ஒட்டிக்கொண்டு பொய்த்தொடுகை காட்டும். விளிம்பை நீரில் நனைத்த மணல்தாளால், சொரசொரப்பான 400ஆம் எண் தாளில் தொடங்கி நுண்ணிய 2000 வரை தேய்த்து மெருகேற்றவும் வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை.

டிஐயில் இந்தப் பாடெல்லாம் இல்லை. பெட்டிக்குள்ளிருந்தே அகச்சிவப்பு ஒளி, மேலே கண்ணாடியும், ஒளியைப் பரப்பும் டிஃப்யூசர் தாளும். 2007இல் அறிவிக்கப்பட்ட மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் தொடுமேசையும் 5 கேமராக்களுடன் இந்த வழியில்தான் போனது. அடியில் குறி ஒட்டிய கட்டைகளையும் இது அடையாளம் காணும். எஃப்டிஐஆர் தனியாக அதைச் செய்யாது. ஆனால் ஒளி சீராகப் பரவாது. விளக்குகளை நேராக மேலே காட்டாமல் பக்கச்சுவரில் பட்டுத் திரும்ப வையுங்கள். தொடாமல் மேலே நிற்கும் கையும் புள்ளியாக விழும், ஜன்னல் வெயில் பட்டால் எல்லாம் வெளுத்துவிடும்.

விரல் மட்டும் போதுமென்றால் எஃப்டிஐஆர். மேசைமேல் பொருள் வைக்கப் போகிறீர்களென்றால் யோசிக்காமல் டிஐ.