சரக்கைப் படிக்கவா, சந்தையைப் படிக்கவா?

பாளையங்கோட்டையில் பி.காம். முடித்த தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணாச்சி, உடன்குடிக் கருப்பட்டி ஏவாரந்தான் பாக்கப் போறேன். மேல சரக்கறிவியல் பக்கம் போகவா, மார்க்கெட்டிங்கா?"

வேர்: விற்கும் பொருளின் தன்மை, தரம் பற்றிய படிப்பான சரக்கறிவியலை வணிகருக்கான பாடமாக்கியவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் பேராசிரியர் யோகான் பெக்மன். அவர் நூல் 1793-ல் வரத் தொடங்கியது. ஆஸ்திரியா, இத்தாலி, போலந்து, ஜப்பான் என்று பாடம் பரவி, 1976-ல் சர்வதேசச் சங்கமும் அமைந்தது. மார்க்கெட்டிங்கோ 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரிகளில் முளைத்தது.

கேள்வி: முன்னது கேட்பது, "இது எதில் ஆனது, எத்தனை நாள் தாங்கும்?" பின்னது, "யார் வாங்குவார்?"

கலப்படம்: இங்கேதான் சரக்கறிவியல் ஜெயிக்கிறது. கருப்பட்டியிலும் கரும்புச் சீனியிலும் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ் என்ற ஒரே இனிப்புப் பொருள்; சீனியைக் கலந்தால் நாக்கு ஏமாறும். ஆனால் பனையும் கரும்பும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் வழி வேறு. கார்பன் ஐசோடோப்பு (எடை மட்டும் மாறுபடும் கார்பன் அணு வகைகள்) விகிதம் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். மார்க்கெட்டிங்கில் இதற்கு வழியில்லை. ஓலைக் கொட்டானை அழகாக்கும், அவ்வளவுதான்.

வசதி: மார்க்கெட்டிங் எம்.பி.ஏ. எளிதில் கிடைக்கும். மற்றதற்கு நம்மூரில் நெருங்கியது உணவுத் தொழில்நுட்பம், பி.காம். படித்தவனுக்கு வேதியியல் முட்டும்.

கொள்முதல் உன் கையில் என்றால் சரக்கைப் படி. அப்பா கொள்முதல் பார்க்க, நீ சென்னைக்கு அனுப்பி விற்கப் போகிறாய் என்றால் மார்க்கெட்டிங் போதும்டே.