தயிர்ச் சட்டியிலிருந்து துள்ளிய மீன்

எங்கள் எருமைத் தயிருக்கான 20 செக்கன் தொலைக்காட்சி விளம்பரத்தை மட்டக்களப்பு நகரில் இருவர் நடத்தும் சிறிய ஓவியக் கூடத்திடம் ஒப்படைத்தேன். சட்டியிலிருந்து, மட்டக்களப்பு வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் பாடுமீன் ஒன்று துள்ளி என் மகளின் கரண்டியைச் சுற்றிவர வேண்டும். மகள் நிஜம், மீன் கையால் வரைந்தது.

கல்லடிப் பழைய பாலத்தருகே படப்பிடிப்பு. இல்லாத மீனைப் பிள்ளை எப்படிப் பார்ப்பாள்? கூடத்துத் தம்பி ஒருவர் ஈர்க்கில் சிவப்பு நூல் கட்டிக் கமராவுக்கு வெளியே நின்று ஆட்டினார். அவள் கண்கள் அதன் பின்னாலேயே போயின.

மீன் தெரிவது 8 செக்கன்தான். செக்கனுக்கு 25 பிரேம் (காட்சியின் தனித்தனி அசையாச் சட்டங்கள்), இரண்டு பிரேமுக்கு ஒரு படம் என்று 100 படங்கள். ஒவ்வொன்றையும் படப்பிடிப்பின் அச்சுப்பிரதிமேல் தாள் வைத்து, அடியிலிருந்து வெளிச்சம் வரும் ஒளிமேசையில் பென்சிலால் வரைந்தார்கள். மீனைவிட அதன் நிழல்தான் என்னை அசத்தியது. மகளின் மணிக்கட்டில் விழும் அந்தச் சாம்பல் கீற்றைத் தனித் தாளில் வரைந்து சேர்த்திருந்தார்கள். அது இல்லாத முதல் பிரதியில் மீன் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கர்போலவே இருந்தது.

குறையும் உண்டு. ஒன்பது நாள் தாமதித்ததால் தைப்பொங்கல் விற்பனை கைநழுவியது. எனக்கு மிகவும் வருத்தம். ஆனாலும் அடுத்த விளம்பரத்தையும் இவர்களிடமே கொடுப்பேன், இரண்டு மாதம் முன்கூட்டியே.