மட்டம் போட்ட சேதி மதியம் வந்தால்? பள்ளியின் வருகைக் குறுஞ்செய்திச் சேவை பற்றி

என் மகன் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது, பிள்ளை வகுப்புக்கு வராத நாளில் பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் சேவைக்கென்று பள்ளி அலுவலகத்தில் 350 ரூபாய் தனியாக வாங்கினார்கள். இந்த ஆண்டும் கட்டிவிட்டேன். கொடுத்த பணத்துக்கு என்ன கிடைத்தது என்பதை மற்றப் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

சென்ற ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டேகாலுக்குச் சீருடையோடு சைக்கிளில் கிளம்பிய பையன் பள்ளிக்கே போகவில்லை என்ற செய்தி என் கைப்பேசிக்கு வந்தபோது மணி 1.10. அதற்குள் அவன் நண்பர்கள் இருவரோடு குளக்கரைப் படியில் உட்கார்ந்து, அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதத்தையும் சாப்பிட்டு முடித்திருந்தான். விசாரித்தபோது, குறை மென்பொருளில் இல்லை என்று தெரிந்தது. வகுப்பாசிரியர் முதல் பாடவேளையிலேயே வருகைப் பதிவேட்டில் குறித்துவிடுகிறார். ஆனால் எல்லாப் பிரிவுகளின் பதிவேடுகளும் அலுவலகத்துக்குப் போய், அங்கிருக்கும் ஒரே எழுத்தர் கட்டண ரசீது போடும் வேலைக்கு நடுவே அவற்றைக் கணினியில் ஏற்றிய பிறகே செய்தி புறப்படுகிறது. பெற்றோர் கூட்டத்தில் நாங்கள் சிலர் இதை எடுத்துச் சொன்ன பின்பு, ஆசிரியர்களே செயலியில் குறிக்கும்படி மாற்றினார்கள். இப்போது 9.10-க்குள் வந்துவிடுகிறது, மனமாரப் பாராட்டுகிறேன்.

செய்தியின் வாசகம்தான் இன்னும் உறுத்துகிறது. ‘யுவர் வார்ட் ஈஸ் ஆப்சென்ட் டுடே’ என்று ஆங்கிலத்தில் வரும் அந்த ஒரு வரியை, பகலில் வீட்டில் இருக்கும் என் தாயாரால் படிக்க முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி இத்தகைய செய்திகளின் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியிருப்பதால், ஆசிரியர் நினைத்தவுடன் ஒரு சொல்லை மாற்றிவிட முடியாது என்பது உண்மையே. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்துகள் வரை அடங்கும். தமிழிலோ 70 குறியீடுகள்தாம், அதிலும் ‘கொ’ என்ற ஓர் எழுத்தே இரண்டாகக் கணக்கிடப்படும். ஆகவே செலவு கூடும் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். ‘உங்கள் பிள்ளை இன்று பள்ளிக்கு வரவில்லை’ என்பது 70-க்குள் தாராளமாக அடங்கும். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இன்னொரு குறை பெரியது. பதிவேட்டில் முற்பகல், பிற்பகல் என இரு வேளையும் குறிக்கப்பட்டாலும், செய்தி முற்பகலுக்கு மட்டுமே போகிறது. உணவு இடைவேளையில் பின்வாசல் வழியாக நழுவுகிறவனைப் பற்றி வீட்டுக்கு ஒன்றும் தெரிவதில்லை. மட்டம் போடப் பழகிய பிள்ளைகளுக்கு இது நன்றாகவே தெரியும் என்று என் மகனே ஒப்புக்கொண்டான். காய்ச்சலுக்கு விடுப்புக் கடிதம் கொடுத்த நாளிலும் அதே செய்தி வருவது சிறு தொல்லை, விட்டுவிடலாம்.

நவம்பரில் அவன் மறுபடியும் மட்டம் போட்டபோது, குறுஞ்செய்தி வந்த பத்து நிமிடத்தில் வகுப்பாசிரியரே கூப்பிட்டு, “தம்பிக்கு உடம்பு சரியில்லையா சார்?” என்று கேட்டார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத சி.பி.எஸ்.இ. கேட்கும் 75 விழுக்காட்டு வருகையை நினைவூட்டி, அவனுக்குக் கணக்குப் பாடத்தில் இருந்த பயத்தையும் சொன்னவர் அவர்தான். அந்த அழைப்பு 350 ரூபாயில் சேர்ந்ததன்று.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். பிற்பகல் வருகைக்கும் செய்தி அனுப்பத் தொடங்கினால் நான்காக்குவேன்.