நடுக்கடலில் பொத்தானா, தொடுதிரையா?

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் புதிதாக மீன்பிடி வல்லம் ஏறுகிற பையன்கள் கேட்பது இதுதான்: "போன்லயே ஜிபிஎஸ் இருக்கேண்ணே, அப்புறம் எதுக்கு அந்தப் பெட்டி?" நியாயமான கேள்வி. பெட்டி என்பது இடம் காட்டுவதற்கென்றே தனியாகச் செய்த ஜிபிஎஸ் கருவி. அதற்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். போன் ஏற்கெனவே சட்டைப்பையில் இருக்கிறது. படமும் போனில்தான் பெரிதாகத் தெரியும். ஆனாலும் நான் பெட்டி பக்கம்தான். எந்தக் கை, எந்த வெளிச்சம், எந்த அவசரத்தில் பயன்படுத்தப் போகிறது என்று யோசித்துச் செய்த பொருள் அது.

செயற்கைக்கோள் விஷயத்தை முதலிலேயே முடித்துவிடலாம். இரண்டும் கேட்பது ஒரே சிக்னலைத்தான். பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே மாதம் அமெரிக்கா நீக்கியது. சில மீட்டர் துல்லியம் எல்லோருக்கும் கிடைத்தது. டவர் இல்லாவிட்டாலும் போனில் ஜிபிஎஸ் வேலை செய்யும். போய்விடுவது படம்தான். கரையிலேயே இறக்கி வைக்காவிட்டால் வெறும் நீலத்துக்கு நடுவே ஒரு புள்ளி மட்டும் நிற்கும். இன்னொன்று, கரையில் போன் சட்டென்று இடத்தைக் காட்டக் காரணம், எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை அது இணையத்தில் வாங்கிக்கொள்வதுதான். நடுக்கடலில் போனை அணைத்து மறுபடி போட்டால், அதே விவரத்தைச் செயற்கைக்கோளிடமிருந்தே மெல்ல மெல்ல வாங்க வேண்டியிருக்கும்.

இனி கைக்கு வருவோம். தொடுதிரை அழுத்தத்தை அறிவதில்லை. விரல் பட்டதும் திரையின் மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தை வைத்துத்தான் தொட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிறது. உப்புத்தண்ணீர் மின்சாரம் கடத்தும். ஆகவே தெறித்து விழுந்த துளியும் அதற்கு ஒரு விரல்தான். வாடைக்காற்றில் வடகடல் கொந்தளிக்கும்போது போனை எடுத்துப் பாருங்கள். படம் தானாக நகரும், பெரிதாகும், எங்கோ போய் நிற்கும். வலை இழுத்துக் காய்த்துப்போன விரலால், அதுவும் ஈரத்தோடு, ஆறு இலக்கப் பூட்டு எண்ணை அடிப்பதற்குள் வல்லம் எவ்வளவோ தூரம் நகர்ந்திருக்கும். கார்மின் கம்பெனியின் 78 மாடல் மாதிரியான பெட்டியில் பொத்தான் இருந்த இடத்திலேயே இருக்கிறது; இருட்டில் தடவிக் கண்டுபிடித்துவிடலாம். தண்ணீரில் விழுந்தால் மிதக்கும். இரண்டு பென்சில் பேட்டரி போதும், அது பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். வெயில் பட்டால் அதன் திரை இன்னும் தெளிவாகும், ஏனென்றால் அது சூரிய வெளிச்சத்தையே திருப்பி அனுப்பிப் படம் காட்டுகிறது. ஆள் கடலில் விழுந்துவிட்டால் அழுத்திப் பிடிப்பதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. விழுந்த இடத்தைக் குறித்துக்கொண்டு திரும்பிப் போக வழி காட்டும். போன் செயலியில் அதைச் செய்ய எத்தனை திரை தாண்ட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

எனக்குப் பெரிய கவலை எண்களைப் பற்றியது. பெட்டியிலும், படகில் வைத்திருக்கும் நோட்டிலும் இடத்தைப் பாகை, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்று குறிப்பதுதான் வழக்கம்: 9 பாகை 17.50 நிமிடம். 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் பாக் நீரிணை எல்லைப் புள்ளிகளையும் இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். கடலோடிக்கு இது வசதி. அட்சரேகையில் ஒரு நிமிடம் என்றால் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர், மனக்கணக்கிலேயே தூரம் வந்துவிடும். கூகுள் மேப் போன்ற செயலிகளோ தசமப் பாகையில் காட்டும். அதே இடம் அங்கே 9.29167. நோட்டில் உள்ள 17.50-ஐப் பார்த்து 17 நிமிடம் 50 விநாடி என்று ஏற்றிவிட்டால் சுமார் 600 மீட்டர் தள்ளிப் போகும். 9.1750 என்று அடித்துவிட்டால் 7 கடல் மைல், ஏறக்குறைய 13 கிலோமீட்டர். பார், அதாவது கடலடியில் மீன் கூடுகிற பாறைத்திட்டு, தேடிப் போகிறவருக்கு 600 மீட்டர் என்றால் அன்றைய மீன்பாடு போச்சு. எல்லை ஓரத்தில் போகிறவருக்கு அதுவே படகும் ஆளும் பிடிபடுகிற விஷயம்; அரிச்சல்முனையிலிருந்து எல்லை சில கடல் மைல்தான். செயலி செய்கிறவர்கள் இதை அலங்கார விருப்பம் மாதிரி அமைப்புகளின் ஆழத்தில் புதைத்து வைத்திருக்கிறார்கள். முதன்முதலில் திறக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது.

போன் ஜெயிக்கிற இடமும் உண்டு, அது சின்ன இடமல்ல. நம்ம பக்கம் புழங்குகிற பெட்டிகளில் தமிழை நான் பார்த்ததில்லை. போனில் காற்று, அலை உயரம், ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தருகிற மீன்வளப் பகுதி அறிவிப்பு எல்லாம் தமிழில் வந்துவிடுகிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவ நண்பன் செயலி எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கவும் செய்யும். புறப்படலாமா வேண்டாமா என்று கரையில் நின்று முடிவெடுக்கப் போனை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. 2019இல் வந்த ஜெமினி கருவி இரண்டையும் இணைத்துப் பார்த்த முயற்சி. கருவி செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையை வாங்கி, புளூடூத்தில் போனுக்குக் கொடுக்கும். நல்ல யோசனைதான். ஆனால் கடைசியில் செய்தியைப் படிக்க மறுபடி அந்த ஈரத்திரைக்குத்தான் வர வேண்டும்.

பார் எங்கே இருக்கிறது என்பது ஒரு குடும்பத்தின் சொத்து. சித்தப்பா மகனிடம்கூட எளிதில் சொல்லமாட்டார்கள். பெட்டியில் ஏற்றிய பாயிண்ட், அதாவது குறித்து வைத்த இடம், பெட்டியிலேயே கிடக்கும். போனில் ஏற்றினால், அது எந்தச் செயலி, எங்கே சேமிக்கிறது என்று பார்த்தாக வேண்டும். பகிரும் பொத்தானை அவ்வளவு பெரிதாக வைக்கிறவர்கள் இதை யோசித்ததாகத் தெரியவில்லை. அதே சமயம் செயலி இணையத்தில் சேமித்திருந்தால், போன் தொலைந்தாலும் பாயிண்ட் மிஞ்சும். பெட்டி போனால் நோட்டுதான் கதி. அதனால் நோட்டை விட்டுவிடாதீர்கள்.

இரண்டையும் வைத்திருப்பவர்கள் கரையிலேயே ஒரு வேலை செய்துவிடுங்கள். இரண்டிலும் பாகை, தசம நிமிடம் என்று ஒரே முறையை அமையுங்கள். கூகுள் மேப்பின் தேடல் கட்டத்தில் 9 13.0, 79 32.0 என்று இடைவெளி விட்டு எழுதினால் அது சரியாகப் புரிந்துகொள்ளும். திருப்பிக் காட்டும்போதுதான் தசமப் பாகைக்கு மாற்றிவிடும். முறையை மாற்ற வழியே இல்லாத செயலியாக இருந்தால், அதில் தெரிகிற எண்ணை அப்படியே பெட்டியில் ஏற்றாதீர்கள். புள்ளிக்குப் பின்னால் வருவதை 60-ஆல் பெருக்கி நிமிடமாக்கி, அப்புறம் ஏற்றுங்கள்.