பாட் காஷ்டைனா, லாய்கர்பாடா?

வெந்நீர் ஊற்று, பனிச்சறுக்கு, மலைநடை மூன்றும் ஒரே ஊரில் வேண்டுமென்று ஆல்ப்ஸில் தேடுபவர்கள் அடிக்கடி வந்து நிற்கும் இரண்டு பெயர்கள் இவை. பாட் காஷ்டைன், ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் மாநிலத்தில் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லாய்கர்பாட், சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில் 1,411 மீட்டரில். புகைப்படம் பார்த்து முடிவெடுத்தால் காஷ்டைன்தான் ஜெயிக்கும். ஊரின் நட்டநடுவே 341 மீட்டர் அருவி மூன்று கட்டமாக விழுகிறது. இருபுறமும் செங்குத்துச் சரிவில் பழைய ஆடம்பர விடுதிகள். ஆனால் இந்த ஊர்களைத் தேர்ந்தெடுக்கப் பார்க்க வேண்டியது தண்ணீரை.

லாய்கர்பாட் தண்ணீர் கால்சியம் சல்பேட் நிறைந்தது. ஊற்றில் 51 டிகிரி வரை வருவதால் ஆறவைத்துத்தான் குளத்துக்கு விடுகிறார்கள். லாய்கர்பாட் தெர்ம, வாலிசர் ஆல்பன்தெர்ம என்று இரண்டு பெரிய குளியலிடங்கள். திறந்தவெளிக் குளத்தில் கழுத்துவரை வெந்நீர், தலைக்கு மேலே பனி, எதிரே கெம்மி மலைக்கணவாயின் பாறைச் சுவர். குழந்தைகளோடு போகிறவர்கள் யோசிக்காமல் லாய்கர்பாட் தெர்மவுக்குப் போகலாம். சூடு அதிகமான குளத்தில் மட்டும் 15, 20 நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள். எழும்போது தலை சுற்றும்.

காஷ்டைன் கதை வேறு. அங்கே தண்ணீருக்குப் புகழே ரேடானால்தான். அது கதிரியக்க வாயு. நீர் காற்றோடு கலந்தால் வெளியேறிவிடும். அதனால்தான் சிகிச்சைத் தொட்டியில் நீரைக் கீழிருந்து நிரப்புகிறார்கள், அதிகம் அசையாமல் படுத்திருக்கச் சொல்கிறார்கள். ஃபெல்சன்தெர்ம போன்ற பொதுக் குளத்தில் நீந்துவதை ரேடான் சிகிச்சை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அது நல்ல வெந்நீர்க் குளம், அவ்வளவுதான்.

முழுச் சிகிச்சை வேண்டுமென்றால் பக்கத்து பொக்ஷ்டைனில் உள்ள சுரங்கத்துக்குப் போக வேண்டும். 1940களில் தங்கம் தேடிக் குடைந்தது. தங்கம் சரியாகக் கிடைக்கவில்லை, வேலையாட்களின் மூட்டுவலி குறைந்ததாகப் பேச்சு எழுந்தது. இன்று முதலில் மருத்துவர் பரிசோதனை, பிறகு சிறு ரயிலில் மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர். உள்ளே வெப்பம் 37 முதல் 41.5 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். படுக்கையில் ஒரு மணி நேரம் போலப் படுத்திருக்க வேண்டும். முதுகுத்தண்டு இறுகிப்போகும் வாதநோய்க்காரர்கள்தான் முக்கியமாக வருகிறார்கள். ஒருமுறை போய்ப் பயனில்லை. 2, 3 வாரம் தங்கிப் பலமுறை போவதே வழக்கம். கர்ப்பிணிகள், தைராய்டு அதிகம் சுரப்பவர்கள், மூடிய இடம் ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்க்க வேண்டும். புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகச் சொல்லப்படுவதும் இதே ரேடான்தான். ஆகவே நோயில்லாதவர் வேடிக்கைக்காகப் போய்ப் படுக்கும் இடமல்ல அது.

இரண்டு ஊருக்கும் பொதுவான ஒரு சங்கடம்: சௌனா (வியர்க்கவைக்கும் வெப்ப அறை) பகுதியில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே, ஆடையில்லாமல். லாய்கர்பாட் ஆல்பன்தெர்மவில், நீராவியும் வெந்நீரும் கட்டம் கட்டமாக வரும் ரோம-ஐரிஷ் குளியலும் அப்படித்தான். தெரியாமல் சீட்டு வாங்கிவிட்டு வாசலில் திகைத்து நிற்பவர்கள் உண்டு. குளத்துக்கோ நீச்சலுடை கட்டாயம். பருத்தி டி-ஷர்ட்டோடு இறங்க முடியாது.

போய்ச்சேர காஷ்டைன் எளிது. சால்ஸ்பர்க்கிலிருந்து நேரடி ரயிலில் ஒன்றரை மணி நேரம் ஆகும். நிலையத்துக்கு அருகிலேயே ஃபெல்சன்தெர்மவும் ஷ்டுப்னர்கோகல் கேபிள்காரும். இறங்கிய பிறகுதான் தொல்லை. அருவிப்பக்கப் பழைய மையம் நிலையத்தைவிட நன்றாகக் கீழே. மூட்டுவலிக்காக வந்தவர் பெட்டியோடு அந்தச் சரிவில் ஏறி இறங்குவது வேண்டாத வேலை, விடுதி எந்த மட்டத்தில் என்று முன்பே கேளுங்கள். அருவியை ஒட்டிய அறை என்றால் இரவு முழுக்க இரைச்சல்.

லாய்கர்பாடுக்கு ரயில் இல்லை. சூரிச்சிலிருந்து ஃபிஸ்ப் வழியாக லாய்க் நிலையம், அங்கிருந்து அரைமணி நேரப் பேருந்து. மொத்தம் சுமார் 3 மணி நேரம். வளைந்து வளைந்து ஏறும் சாலை, வாந்தி வருபவர்கள் முன் இருக்கையைப் பிடியுங்கள். கோடையில் கெம்மி கேபிள்காரில் 2,350 மீட்டர் உயரத்துக்கு ஏறி, டௌபன்சே ஏரி வழியாக சுன்ப்யூல் வரை நடந்து காண்டர்ஷ்டெக் இறங்கலாம். சுமார் 3 மணி நேரம், பெரும்பாலும் மெல்லிய இறக்கம். இதற்கு ஈடான எளிய நடை காஷ்டைன் பக்கம் எனக்குத் தோன்றவில்லை.

பனிச்சறுக்கு என்றால் காஷ்டைன்தான். லாய்கர்பாடின் டோரன்ட் சரிவுகள் சிறியவை, குடும்பத்துக்குப் போதும். ஆனால் காஷ்டைனில் ஷ்லோசால்ம், ஆங்கர்டால், ஷ்டுப்னர்கோகல் சரிவுகள் மட்டுமே ஒன்றோடொன்று இணைந்தவை. ஷ்போர்ட்காஷ்டைன், கிராவ்கோகல் இரண்டுக்கும் பேருந்து பிடிக்க வேண்டும்.

செலவில் சுவிஸ் பக்கம் கை கடிக்கும். சைவர்களுக்கு அங்கே ராக்லெட் என்ற உருக்கிய பாலாடைக்கட்டி உண்டு, அதில் இறைச்சி இல்லை. காஷ்டைனில் பாலாடைக்கட்டி உருண்டை போட்ட சூப் வந்தால் அது மாட்டிறைச்சிச் சாறா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரல்-மே, நவம்பர் மாதங்களில் இரண்டு ஊரிலும் கேபிள்காரும் பல விடுதிகளும் பராமரிப்புக்காக மூடிக் கிடக்கும். அந்த நாட்களில் மலிவாக அறை கிடைத்தால், கேபிள்கார் ஓடுகிறதா, குளம் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.