வண்ணத்துக்குள் ஒளித்த வெடிப்பு: பழைய படகு இயந்திரத்துக்குச் சிலிண்டர் தேடுபவர்கள் கவனிக்கவும்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஒற்றைச் சிலிண்டர் பழைய படகு இயந்திரங்களுக்குப் பாகம் தேடுபவர்கள் தயவுசெய்து படியுங்கள். பழைய இயந்திரப் பாகங்களுக்கென்றே நடக்கும் ஓர் இணையச் சந்தையில் 640 கனடிய டாலர் வாங்கிக்கொண்டு எனக்கு வெடிப்பு விழுந்த சிலிண்டரை அனுப்பியிருக்கிறார்கள். வெடிப்பின் மேல் பட்டி பூசித் தேய்த்து, பச்சை வண்ணம் அடித்து மறைத்திருக்கிறார்கள்.

என்னுடையது கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் வார்க்கப்பட்ட ‘மேக் அண்ட் பிரேக்’ வகை. ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் இரண்டு முனைகள் தொட்டு விலகும்போது பொறி பறக்கும். பிரிட்ஜ்வாட்டரில் 1908இல் தொடங்கிய அக்கேடியா, லூனன்பர்க் வார்ப்பாலையின் அட்லாண்டிக் என இந்த வகையில் பெயர்கள் பல. பார்வைக்கு உடன்பிறப்புகள்தான், ஆனால் ஒன்றின் பாகம் மற்றதில் உட்காராது. ஒரே பெயருக்குள்ளும் குதிரைத்திறன் மாறினால் உள்விட்டம் மாறிவிடும். என் இயந்திரத்தில் சிலிண்டரும் அதன் தலையும் ஒரே வார்ப்பு. முன்பு வைத்திருந்தவர் குளிர்காலத்துக்கு முன் இயந்திரத்தைக் குளிர்விக்கும் தண்ணீரை வடிக்காமல் விட்டதால், உறைந்த நீர் வெளிச்சுவரைப் பிளந்துவிட்டது. அதனால்தான் முழுச் சிலிண்டரையே தேட வேண்டியிருந்தது.

விற்றவர் விஷயம் தெரியாதவராக இருந்திருந்தால் அன்றே விலகியிருப்பேன். அவருக்கு எல்லாம் தெரியும். படகைப் பின்னோக்கிச் செலுத்த இதற்குக் கியர் வேண்டாம், பொறிக்கான மின்சாரத்தை அணைத்துவிட்டுச் சக்கரம் நிற்கப்போகும் நேரத்தில் மறுபடி கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும் என்று அவரே பேச்சுவாக்கில் சொன்னார். இதை ஓட்டிப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். விலை சொல்வதற்கு முன் வார்ப்பு எண்ணைக் கேட்டார். “உள்விட்டத்தை மேலும் கீழும் நடுவிலும் அளந்து அனுப்புங்கள், பொருந்தாததை உங்களிடம் தள்ள மாட்டேன்” என்று எழுதினார். இந்த வரிதான் என் நம்பிக்கையை முழுதாக வாங்கியது. வெடிப்பு ஏதும் உண்டா என்று நேராகவே கேட்டேன். “தண்ணீர் நிரப்பிப் பார்த்துவிட்டேன், ஒரு சொட்டு கசியவில்லை” என்று பதில் வந்தது. முழுப் பணத்தையும் அனுப்பினேன்.

பெட்டியைத் திறந்ததும் வண்ண வாடை. அத்தனை பழைய வார்ப்பிரும்பில் ஏன் இவ்வளவு புது வண்ணம்? நீர்த்துளைகளை அடைத்து, நல்ல தண்ணீரை ஊற்றி, மெல்ல அழுத்தம் கொடுத்தேன். பக்கச் சுவரில் வரிசையாக முத்து முத்தாகத் தண்ணீர் துளிர்த்தது. சுரண்டியால் வண்ணத்தை எடுத்தால் அடியில் பட்டி. பட்டியை எடுத்தால் ஒரு சாணுக்கு மேல் நீளமான பிளவு. என் பழைய சிலிண்டரில் இருக்கும் அதே பிளவு, அதே இடம்.

படங்களை அனுப்பினேன். முதலில், “வழியில் அடிபட்டிருக்கும்” என்றார். வழியில் அடிபட்டால் பிளவுக்குள் பட்டி எப்படி வந்தது என்று கேட்டேன். “பழம்பொருள், இருக்கும் நிலையில் விற்றது” என்றார். அதன்பின் பதிலே இல்லை. சந்தைக்காரர்களிடம் போனால் இன்னும் மோசம்: பழம்பொருள் பிரிவுக்கு உத்தரவாதம் இல்லையாம்; விற்றவர் சம்மதித்தால் திருப்பி அனுப்பலாமாம், வண்டிக்கூலி என்னுடையதாம். அவர் எழுதித் தந்த “ஒரு சொட்டு கசியவில்லை” என்ற வரியையே ஒட்டி அனுப்பினேன். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எப்போது கேட்டாலும் ஒரே அச்சுப் பதில், கடைசியில் புகார் முடித்துவைக்கப்பட்டது. 640 டாலர் அவர் கையில், இரும்புக் குப்பை என் பட்டறையில்.

வாங்குவது எப்படி என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. இவற்றை மட்டும் பாருங்கள். புது வண்ணம் அடித்த சிலிண்டரை வாங்காதீர்கள், துருவோடு இருந்தால் பரவாயில்லை. தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுப்பதை வெட்டாத காணொளியாகக் கேளுங்கள். பொறி எழுப்பும் முனைகள் உள்ள இக்னைட்டரை வாங்கினால், அதில் மின்சாரம் கசியாமல் தடுக்கும் மைக்கா வளையங்களைத் தனியாகப் படமெடுக்கச் சொல்லுங்கள், அவை உடைந்திருந்தால் பொறி வராது. வெடிப்பை ஒட்டவைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சமாதானம் சொன்னால் கேட்காதீர்கள். வார்ப்பிரும்பைச் சரியாகச் சூடேற்றாமல் பற்றவைத்தால் பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும்.

நேற்று அதே சந்தையில் இன்னொரு விளம்பரம் பார்த்தேன். வேறு பெயர், சாம்பல் வண்ணம், விவரத்தில் அதே “ஒரு சொட்டு கசியவில்லை”. யாரும் பணம் அனுப்பிவிடாதீர்கள்.